பன்னிரண்டு மெத்தைகளின் சாட்சி

நாற்காலியைப் பார்த்தே இயக்குநருக்கு மதிப்பெண் போடுகிற ஆள் அந்தத் திரையரங்கில் ஒருவர்தான் இருந்தார். எல்லோரும் அவரைக் குஷன்காரர் என்பார்கள். பெரிய அரங்கிலும் சின்ன அரங்கிலுமாக அறுநூற்றிருபது நாற்காலிகள். எது கிழிந்தாலும் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அவருடைய அறைக்குத்தான் வரும். சோபா கடையில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனவர் அவர். யாரும் சொல்லித்தரவில்லை. தூக்கிப்போட்ட சோபாக்களைப் பிரித்து, அதே தையலில் திரும்பப் போட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்ட கை.

அவருடைய கணக்கு இதுதான். படம் சலித்தால் ஆள் பின்னால் சாய்வான். மெத்தையின் பின்பாதி பள்ளமாகும், சும்மா இருக்கும் விரல் தையலை நோண்டும். படம் பிடித்துவிட்டால் முன்னால் நகர்ந்து விளிம்பில் உட்காருவான், முன்விளிம்பு நைந்துபோகும். "கைதட்டறவன் பொய்யாக்கூடத் தட்டுவான். உட்கார்றவன் பொய்யா உட்காரமாட்டான்" என்பார்.

காலைக்காட்சி தொடங்கியதும் டிக்கெட் அறையில் சாப்பாட்டு டப்பாக்கள் திறக்கும். கூடவே சண்டையும் திறக்கும்: இதுவரை வந்த இயக்குநர்களிலேயே பெரியவர் யார்? குஷன்காரருக்கு மழைக்காரர்தான். எந்தக் கதை எடுத்தாலும் மழையைக் கொண்டுவந்துவிடுகிற இயக்குநர். டிக்கெட் கொடுக்கும் மச்சானுக்கு, அதாவது குஷன்காரரின் மனைவியின் தம்பிக்கு, சிரிப்புப் படமாகவே எடுக்கும் சிரிப்புக்காரர்தான் எல்லாம்.

"ஒரு ஆள் நனையறதைக் காட்ட ரெண்டரை மணி நேரமா? அது படம் இல்ல மாமா, குளியல்."

"உன் ஆளு படத்துல மட்டும் என்ன இருக்கு? ஒருத்தன் விழறான், அவன்மேல இன்னொருத்தன் விழறான்."

"விழறது சும்மாவா? சரியான நேரத்துக்கு விழணும் மாமா!"

அரங்கைப் பெருக்கும் ஆயா குறுக்கே வந்தார். "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. எவர் படம் பார்த்துட்டு ஜனங்க குடையை மறந்துட்டுப் போறாங்களோ, அவருதான் பெரியவர்."

"அப்ப மழைக்காரர் அவுட்டு. அவர் படம் பார்த்தவன் வெயில்லயும் குடையை விடமாட்டான்" என்றார் மச்சான்.

சிரிப்பாகத்தான் போகும். ஆனால் அடியில் ஒரு பழைய காயம் இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன், கல்யாணமான புதிதில், மச்சான் தன் காசில் அக்காவையும் மாமாவையும் சிரிப்புக்காரர் படத்துக்கு அழைத்துப் போனார். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மாமா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, வெளியே வந்ததும், "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார். அன்றைக்கு மச்சானின் முகம் சுருங்கியது. அதன்பிறகு சிரிப்புக்காரர் படத்துக்கு அக்காவும் தம்பியும் மட்டுமே போனார்கள். குஷன்காரருக்கும் அது உறுத்தத்தான் செய்தது. ஆனால் பேசிய பேச்சிலிருந்து இறங்கி வர வழி தெரியவில்லை.

அந்த வருஷம் அரங்குக்கு ஆண்டுவிழா. "பெரிய அரங்குல ஒரு வாரம் முழுக்க ஒரே இயக்குநர் படம். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார் மேனேஜர்.

குஷன்காரர் எல்லோரையும் தன் அறைக்குக் கூட்டிப்போனார். மூன்று மாதமாகப் பெரிய அரங்கில் மழைக்காரர் படங்கள், சின்ன அரங்கில் சிரிப்புக்காரர் படங்கள். புதுத் துணி போடக் கழற்றி வந்த மெத்தைகளில், பெரிய அரங்கினுடையவை என்று பன்னிரண்டை எடுத்து வரிசையாக வைத்தார். பன்னிரண்டிலும் முன்விளிம்பு நூல்நூலாக நைந்திருந்தது.

மச்சான் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "நாற்காலியே சொல்லுது. அப்புறம் நான் என்ன சொல்ல?" என்று சொல்லிவிட்டு டிக்கெட் அறைக்குப் போய்விட்டார். மறுநாள் டப்பாவைத் தனியாகத் திறந்தார். சண்டை இல்லாத அந்தச் சாப்பாட்டைக் குஷன்காரர் பாதியிலேயே மூடி வைத்தார்.

வெள்ளிக்கிழமையன்று, முதலாவது மெத்தையின் துணியைப் பிரித்துப் பலகையைத் திருப்பினார். அடியில் இரண்டு சாக்குக்கட்டிக் கோடுகள்.

பெரிய அரங்குக்கு ஒரு கோடு, சின்ன அரங்குக்கு இரண்டு கோடு. கழற்றும்போதே அவர் போடுகிற அடையாளம். பன்னிரண்டையும் திருப்பினார். எல்லாவற்றிலும் இரண்டு கோடு. அறையைக் கழுவிவிட்ட அன்று அடுக்குகளை இடம் மாற்றி வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கதவுக்குப் பின்னால் இருந்த அடுக்கை இழுத்தார். ஒற்றைக் கோடு. பின்பாதி கிண்ணம் மாதிரிப் பள்ளம். ஒன்றில் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. அங்கே மழை பெய்யப் பெய்ய எவரோ இங்கே நூலை உருவிக்கொண்டே இருந்திருக்கிறார்.

மெத்தையைத் திருப்பிப் பார்க்கிற ஆள் அவரைத் தவிர அந்தக் கட்டடத்தில் கிடையாது. புதுத் துணியை இழுத்து ஆணி அடித்தால் விஷயம் முடிந்தது. ஆணியைக் கையில் எடுத்தார். ஆனால் கோணல் தையலை மறைக்க மேலே பட்டன் வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அரங்குக்கு ஒன்றாக இரண்டு மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு டிக்கெட் அறைக்கு நடந்தார்.

"மச்சான், தப்பு பண்ணிட்டேன்."

"ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு மாமா?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. விளிம்பு தேஞ்சது உன் ஆளுக்கு. என் ஆளுக்குத் தேஞ்சது இது" என்று பள்ளத்தைக் காட்டினார்.

மச்சான் கோடுகளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். அப்புறம் அரங்கே அதிரக் கூப்பிட்டார். "ஆயா! மேனேஜர் சார்! ஓடி வாங்க!"

"டிக்கெட் குடுப்பீங்களா, மாட்டீங்களா?" என்றார் வரிசையில் முதலில் நின்றவர்.

"கொஞ்சம் இருங்க சார், பதினஞ்சு வருஷ கேஸு முடியுது!"

ஆண்டுவிழா வாரம் சிரிப்புக்காரருக்கே போனது. முதல் காட்சிக்கு மாமா, மச்சான், அக்கா மூவரும் போனார்கள். நடுவில் அக்கா. குஷன்காரர் பழையபடி கையைக் கட்டிக்கொண்டார். திரையில் முதல் ஆள் விழுந்தான், அவர் அசையவில்லை. இரண்டாவது ஆள் விழாமல் தப்பித்துப் பெருமையோடு திரும்பி, கதவில் மோதியபோது அவர் பக்கமிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது.

"ஸ்பிரிங் கத்துது" என்றார்.

"ஸ்பிரிங்கா? உங்க வயிறு குலுங்குது" என்றாள் மனைவி.

அதற்குமேல் அவரால் முடியவில்லை. வாயைப் பொத்தினார், தொடையில் அடித்துக்கொண்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். மச்சான் அக்காவைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"மாமா, பாத்து. விளிம்பு தேயுது."

குனிந்து பார்த்தார். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் டப்பாக்கள் ஒன்றாகத் திறந்தன. "ஒத்துக்கறேன், உன் ஆளு பெரியவர்தான்" என்றார் குஷன்காரர். மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு மச்சான். கடைசி சீன்ல ஒரு மழை வந்துதே, அதை யார்கிட்ட கத்துக்கிட்டாரு?"

மச்சான் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.