ஹபீப் பாயும் பழுத்துப்போன புகைக்குழாயும்

குன்னூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர் ஹபீப் முகமது. கை இரண்டும் நன்றாக வேலை செய்யும். வாய் ஓவர்டைம் பார்க்கும். வெள்ளைக்காரத் துரை வெலிங்டன் முகாம் ஏலத்தில் எடுத்த பழைய பட்டாள லாரியின் எஞ்சினை நட்டு நட்டாகக் கழற்றிப் புதுசாக்கியது அவர்தான். "செஞ்ச கம்பெனிக்காரனே வந்தாலும் அடையாளம் தெரியாதுங்க" என்று கடைவீதி முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

லாரி அவர் மானத்தை வாங்கவே காத்திருந்தது. தேயிலைப் பெட்டிகளோடு மேடேறினால் போதும், புகைக்குழாய் பழுக்கக் காய்ந்து செக்கச்செவேலென்று ஆகிவிடும். குழாய்க்கு மேலே இருந்த பலகை கருகி, தேயிலையெல்லாம் புகை வாடை.

ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். துரை எட்ட நின்று பார்த்துவிட்டு, "பெட்ரோல் மோசம்" என்றார். எது கெட்டாலும் அவருக்கு இந்தியாதான் காரணம். கிளார்க் கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் கட்டினார். பழம் வெந்ததுதான் மிச்சம். ஹபீப் எஞ்சினை மறுபடி மறுபடி பிரித்துப் பூட்டினார். குழாயில் அடைப்பில்லை, வால்வில் பழுதில்லை.

"சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் நீ வேண்டாம்" என்றார் துரை. வேலை போனால் எஸ்டேட் வீடும் போகும். மனைவி நசீராவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது? அந்த வாரம் கடைவீதிப் பக்கமே அவர் தலைகாட்டவில்லை.

ஓடுகிற லாரியில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை. டிரைவர் பக்கத்தில் தொத்திக்கொண்டு போவது கிளீனர் வேலை, பெரிய ஃபிட்டருக்கு அது அழகா? வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் ஏறினார்.

ஸ்டியரிங்கில் ஒரு சின்னப் பிடி உண்டு. எஞ்சினுக்குள் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பது அதன் பொறுப்பு. லாரியை முன்னால் நின்று இரும்புக் கைப்பிடி சுற்றிக் கிளப்பும்போது இந்தச் சின்னப் பிடி பின்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கைப்பிடி திருப்பி அடித்து எலும்பை முறிக்கும். கிளம்பியதும் பிடியை முன்னே தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் பொறி தாமதமாக விழுந்து, எஞ்சினுக்குள் எரிய வேண்டியது குழாய்க்குள் போய் எரியும். டிரைவர் சில்வஸ்டர் அதைத் தொடவே இல்லை.

"ஏப்பா, இது ஏன் இங்கயே கெடக்குது?"

சில்வஸ்டர் வண்டியை ஓரங்கட்டினான். "பிடிய முன்னால விட்டுட்டுச் சுத்துனதுல புது எஞ்சின் மொத நாளே திருப்பி அடிச்சு மணிக்கட்டு போச்சுங்க பாய். படியில வழுக்கி வெறும் சுளுக்குன்னு பொய் சொன்னேன். அப்புறம் அதத் தொடவே பயமா இருக்குதுங்க. கையொடிஞ்சவன்னு தெரிஞ்சா தொரை தொரத்திப்போடுவாருங்க."

"அடப்பாவி! என்ற உசுரையே எடுத்துட்டியே!" என்று கத்திக்கொண்டே ஹபீப் பிடியை முன்னே தள்ளினார். மேடேறி முடிந்தபோதும் குழாய் கருப்பாகவே இருந்தது.

சனிக்கிழமை, என்ன கோளாறு என்று துரை கேட்டார். சில்வஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தொரை சொன்னதுதானுங்க. பெட்ரோலு மோசம். வடிகட்டி ஊத்துனேன், சரியாப்போச்சுங்க" என்றார் ஹபீப்.

துரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து துரைமார் கிளப்பில் எஞ்சின் நிபுணர் அவர்தான். கடைவீதியிலோ, "தொரை சொல்லித்தான் தெரிஞ்சுதாமே பாய்?" என்று சிரித்தார்கள். ஹபீப் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் சில்வஸ்டரை சீட்டில் உட்காரவைத்துவிட்டு லாரியின் கைப்பிடியைச் சுற்றியது அவர்தான்.

"பிடி பின்னால இருக்குதா?"

"இருக்குதுங்க பாய்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேனுங்க."

அப்படியும் நம்பாமல் சுற்றி வந்து, தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஹபீப் குனிவார். சில்வஸ்டர் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொள்வான்.