குறைந்தது ஒன்றரை மீற்றர்

ஹட்டனில் இறங்கியபோது காலை பதினொன்றே கால். நல்லதண்ணிக்கு இன்னும் முப்பத்து மூன்று கிலோமீற்றர். சிவனொளிபாதமலை சீசன் தொடங்க மூன்று வாரம் இருந்ததால் நேர் பஸ் இல்லை. மஸ்கெலியாவில் மாறி, நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் சுற்றி, தலையும் சுற்றி, இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

செல்வராணியின் வீடு தோட்டப் பாதை ஓரத்தில், ஏழே பேர்ச் அளவுள்ள சின்னக் காணியில் இருக்கிறது. இரண்டு அறைகளை வந்து போகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். இரவுச் சாப்பாட்டோடு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். கணவர் கணேசன் ஆட்டோ ஓட்டுகிறார்.

“சாப்பிடுங்க ஐயா. மூணரைக்கு பிரதேச சபையிலேருந்து அளக்க வர்றாங்க” என்றார் செல்வராணி. சோற்றைப் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். விடுதி நடத்துகிறவர்கள் வாகனம் நிறுத்தச் சொந்தக் காணிக்குள் இடம் காட்ட வேண்டும். காட்டினால்தான் அனுமதி, இல்லாவிட்டால் சீசனுக்கு முன் விடுதிப் பலகையைக் கழற்ற வேண்டும். கொழுந்து பறிக்கும் வேலையைச் செல்வராணி போன வருடமே விட்டுவிட்டார். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் இப்போது அவர் பெயரை வாசிப்பதில்லை.

சபை உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையான மனிதர். புதிதாகப் போட்ட கொங்கிரீட் தரையில் அளவுநாடாவை விரித்தார்.

“அகலம் சரி. நீளம் மூண்டு மீற்றர் முப்பதுதான் கிடக்கு. நாலு எண்பது வேணும். இதை என்னத்தை வைச்சு அளந்தனீங்கள்?”

“என் ஆட்டோவ நிப்பாட்டி அளந்தேன் சார். ஒரு வாகனம்னுதானே கடுதாசியில இருந்துச்சு” என்றார் கணேசன். ஆட்டோவுக்கு முன்னாலும் பின்னாலும் தாராளமாக ஓர் அடி வேறு விட்டிருந்தார். அவர் வாழ்க்கையில் வாகனம் என்றால் அதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. செல்வராணியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கொங்கிரீட் முடிகிற இடத்தில் அவர்களுடைய குசினிச் சுவர் நின்றது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “நான் பஸ்ஸில்தானே வந்தேன்? பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மட்டும் அறை என்று எழுதிக் கொடுத்தால் போதாதா?” என்று கேட்டேன்.

உத்தியோகத்தர் என்னை விட்டுவிட்டுச் செல்வராணியிடம் திரும்பினார். “நாளைக்கு ஒருத்தர் காரிலை வந்து நிண்டால், இல்லையெண்டு அனுப்பிப்போடுவீங்களோ?”

“அனுப்ப மாட்டேங்க” என்றார் செல்வராணி.

பத்து நாள் தவணை கொடுத்துவிட்டு உத்தியோகத்தர் போனார். நான் சட்டத்தைத் திட்டத் தொடங்கினேன். ஏழு பேர்ச்சுக்காரரிடம் போய்க் கார் நிறுத்த இடம் கேட்கிறார்களே என்று. செல்வராணி என்னோடு சேர்ந்து திட்டவில்லை.

“ரூல் தப்பில்லீங்க. போன சீசன்ல இந்த ரோட்டுல ரெண்டு பக்கமும் வேன். எங்க நாத்தனாருக்கு வலி கண்டிருச்சு, ஆட்டோவ ஒரு அடி நகத்த முடியல. புள்ள ஆட்டோலயே பொறந்துச்சு. ரோட்டுல வண்டி நிப்பாட்ட விடாதீங்கன்னு சபைக்கு மனு கொடுத்தோம். நாந்தான் மொதல்ல கையெழுத்துப் போட்டேன்.”

அன்று மாலையே, இடிக்கப்போகும் குசினிச் சுவரிலிருந்து உள்ளே ஒன்றரை மீற்றர் அளந்து, கரித்துண்டால் தரையில் கோடு போட்டார் கணேசன். கோட்டுக்கு அப்பால் இருந்த அடுப்பு தப்பித்தது என்று எனக்கு ஆறுதல்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சுடுநீர் கேட்கக் குசினிக்குப் போனேன். கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார் செல்வராணி. இரண்டு அறைகளையும் வாடகைக்கு விட்டுவிட்டு இவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“சுவரை இடித்த பிறகு எங்கே படுப்பீர்கள்?”

“இதே எடந்தாங்க. கூரைய எடுக்க மாட்டோம், சுவரு மட்டுந்தான் போகுது. உங்கள மாதிரி பஸ்ல வர்றவங்கன்னா பாய விரிச்சுக்குவோம். கார் வந்தா பாத்துக்கலாம்.”

ஏழரை பஸ்ஸில் திரும்பினேன். கொழும்பில் என் அடுக்குமாடியின் கீழே, வெள்ளைக் கோடு போட்டு, வீட்டு எண் எழுதி, எனக்கென்று ஒரு கார் இடம் இருக்கிறது. நான் கார் வாங்கவே இல்லை. பதினோரு வருடமாக அது காலியாகக் கிடக்கிறது.