சிரிக்கிற முகம்

கெருபோ எங்கள் நைரோபி அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாளே நான்தான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். இந்த வாயைத் தைத்துக்கொண்டிருந்தால் தேவலை.

காலையில் கணினியைத் திறந்ததும், "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஐந்து முகங்கள் வரும். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும். அழுகிற முகத்தை அமுக்கினால் மனநல அறைக்குக் கூப்பிட்டு அரை மணி நேரம் உட்காரவைப்பார்கள். அந்த அரை மணி வேலையை யார் பார்ப்பது? நாம்தான், சாப்பாட்டு நேரத்தில்.

"சிரிக்கிறதை அமுக்கிட்டு வேலையைப் பாருடி. அழுதா மதியம் சப்பாத்தி கிடையாது."

"இவ்வளவுதானா, ம்வெண்டே அக்கா?" என்று சிரித்தாள். அப்போதெல்லாம் நிஜமாகவே சிரிப்பாள்.

எவனெவனோ ஏற்றும் வீடியோக்களைப் பார்த்து, எதை நீக்குவது என்று சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. வெட்டு, குத்து, குழந்தையைப் போட்டு அடிப்பது. ஒன்றுக்கு ஐம்பது நொடி. மூன்று மாதத்தில் அவள் வாந்தி எடுப்பது நின்றது. ஒரு வருடத்தில் பேச்சும் நின்றமாதிரிதான். சந்தையில் எங்கள் கண்ணெதிரே ஒருவன் மோட்டார் சைக்கிளோடு விழுந்து மண்டை உடைந்தபோது நான் அலறினேன். அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கெருபோவுக்கு அவள் ஊரான கிசியிலிருந்து போன் வந்தது. அப்பா போய்விட்டார். விடுப்பு கேட்க வந்தாள். கணினியைத் திறந்தால்தான் மனு போட முடியும். திறந்தாள், முகங்கள் வந்தன, பழக்கத்தில் சிரிப்பை அமுக்கிவிட்டாள்.

மேற்பார்வையாளர் கிப்ரோனோ திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"அப்பா செத்தன்னைக்கு யாராவது சிரிச்ச முகம் போடுவாங்களாம்மா? மேல என்னைத்தானே கேப்பாங்க?"

"கைப்பழக்கம் சார்! நாங்க எல்லாருமே அப்படித்தான் அமுக்குறோம்," என்றேன் நான்.

"அப்ப எல்லாரும் தினமும் பொய் சொல்றீங்கன்னு எழுதிக்கவா?"

கெருபோவின் பின்னால் நகர்ந்துகொண்டேன். வெட்கக்கேடு.

"இறப்புச் சான்றிதழ் கொண்டு வாங்க, பார்க்கலாம்," என்றார்.

"அதை வாங்கவே ஊருக்குப் போகணும் சார்," என்றாள் கெருபோ. குரலில் கோபமே இல்லை. சொல்லாமல் போனால் வேலை போய்விடும். வீட்டில் இரண்டு தம்பிகளும் இவள் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அடக்கம். கெருபோ என் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் போன்களை வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

"மணி என்னக்கா?"

"பதினொன்னு ஆச்சு."

"இந்நேரம் குழியில இறக்கியிருப்பாங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த வீடியோவைத் திறந்தாள். அழுதுவிடுடி என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

சாயங்காலம் பெட்டியைத் திறந்தால் போனில் முப்பத்தோரு அழைப்புகள். பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை நானாவது அவளுக்காக அழுகிற முகத்தை அமுக்குவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். ஆண்டவன் சத்தியமாக முடிவு செய்திருந்தேன். உட்கார்ந்தேன், கணினியைத் திறந்தேன். "நன்றி, இனிய நாள்" என்று திரையில் வந்த பிறகுதான் பார்த்தேன், என் விரல் சிரிக்கிற முகத்தின் மேல் இருந்தது.