பதியாமல் கொடுத்த முறைப்பாடு

அலுவலகத்துக்கு வரும் கடிதங்களுக்கு இலக்கமிட்டுப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. ஒரு துண்டுக் கடதாசியையும் இலக்கமில்லாமல் உள்ளே விட்டதில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அந்தக் கவனத்தில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் என் சொந்த முறைப்பாட்டை மட்டும் பதியாமல் கையில் கொடுத்தேன்.

அது எங்கள் பிரிவுத் தலைவரைப் பற்றியது. கோப்புப் பார்க்கிற சாட்டில் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று தோளில் கை வைப்பார். எழும்பினால் சிரிப்பார். மூன்றாவது தடவை கை தோளோடு நிற்கவில்லை.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான் பாலியல் தொந்தரவைத் தடுப்பது பற்றி அலுவலகத்தில் செயலமர்வு நடந்தது. பயப்படாமல் எழுதித் தாருங்கள், இரகசியமாக இருக்கும் என்று முறைப்பாட்டுக் குழுவின் தலைவி மைக்கில் சொன்னார். அவர் உம்மாவின் குடி, ஒரே வம்சம். எங்கள் பக்கம் குடி தாய்வழியாக வரும்; அந்த முறையில் எனக்குச் சாச்சி, அதாவது சின்னம்மா. சாச்சிக்குக் கொடுக்கிற கடிதத்துக்கு இலக்கம் எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

"இனி இது என்ட பொறுப்பு, புள்ள," என்று கைப்பையில் வைத்துக்கொண்டார்.

குழு கூடவில்லை. நான் வேலையில் இருந்த ஒரு காலையில் அவர் எங்கள் வீட்டுக்குப் போய், வாசிக்கத் தெரியாத உம்மாவுக்கு அந்தக் கடிதத்தை வாசித்திருக்கிறார். பின்னேரம் நான் வந்தபோது உம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த மனிசனோட உனக்கு என்ன பழக்கம்?"

நானும் அவரும் சிரித்துப் பழகியதாகவும், பிறகு மனஸ்தாபம் வந்ததாகவும் கடிதத்தில் இருந்ததாம். கையைப் பற்றிய வரிகளைச் சாச்சி வாசிக்கவே இல்லை. இது வெளியில் போனால் சீதனமாக வீடு கட்டி வைத்தும் மாப்பிள்ளை வராது என்று சொல்லி, உம்மாவைச் சம்மதிக்க வைத்து, எங்கள் அடுப்பிலேயே அதை எரித்திருக்கிறார்.

மறுநாள் அலுவலகத்தில் சாச்சியின் அறைக்குப் போனேன். சாப்பாட்டுப் பார்சலை விரித்துக்கொண்டிருந்தார்.

"கடிதத்த ஏன் மாத்தி வாசிச்சீங்க, சாச்சி?"

"எந்தக் கடிதம்? பதிவில இரிக்கா?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "உன்ட மானத்தத்தான் காப்பாத்தினன். அவரும் புள்ளகுட்டிக்காரன்."

பதிவேடு என் மேசையில்தான் கிடந்தது. அதில் என் கடிதம் இல்லை.

கொடுப்பதற்கு முன் அந்தக் கடிதத்தைப் போனில் படம் எடுத்திருந்தேன். அன்று வேலை முடிந்து வந்ததும் உம்மாவை இருத்தி, ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். சொல்லக் கூசும் வரிகளையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"நம்புறன் மகள். ஆனா திரும்பவும் எழுதிக் குடுக்காத. அவ நம்மட குடி. குடிக்குள்ளயே கிடக்கட்டும்."

சாச்சி பொய் சொன்னதைத் தாங்கிக்கொண்டேன். உண்மை தெரிந்த பிறகும் உம்மா இப்படிச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

காலையில் உம்மாவிடம் சொல்லிவிட்டே புறப்பட்டேன். புதிதாக எழுதி, இலக்கமிட்டு, அலுவலகத் தலைவரின் மேசையில் வைத்தேன். இப்போது விசாரணைக்கு அழைப்பு வந்திருக்கிறது. அதில் ஒப்பமிட்டிருப்பது சாச்சி. அவரைக் குழுவிலிருந்து விலக்கும்படி இன்னொரு கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. பிரிவுத் தலைவர் இன்னும் என் கதிரைக்குப் பின்னால் நடந்துதான் தன் இடத்துக்குப் போகிறார்.