எழுதிக் கேட்டால் வரும் வக்கீல்

அம்மு,

இன்று கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் என் போனில் உன் படத்தைப் பார்த்துவிட்டாள்.

"இவங்க எங்க அக்காவாச்சே! நீங்க அவங்க அம்மாவா?"

அவளும் உன்னைப்போல் சமூகப் பணியாளர். விடுதியில் அடைத்து வைத்திருந்த பிள்ளைகளை மீட்டதற்கு, உன்மேல் போட்ட மாதிரியே அவள்மேலும் கேஸ் போட்டார்களாம். இன்று விடுதலை ஆகிவிட்டாள்.

"எங்க பணியாளர் சங்கமே வக்கீல் வச்சு, செலவெல்லாம் பாத்துக்கிச்சும்மா. நாம எழுதிக் கேக்கணும், அவ்ளோதான். எனக்கு அக்காதான் எழுதிக் குட்த்தாங்க. அவங்க மட்டும் கேக்காம ஒண்டியா கோர்ட்டுக்குப் போய்க்கினு இருந்தாங்க."

கோர்ட்டிலிருந்து வண்டியில் திரும்பிய உன்னை லாரி அடித்துக் கொன்ற வளைவைப் பஸ் தாண்டியது. அங்கே யாரோ பஸ்ஸை நிறுத்தக் கைகாட்டி நிற்பதுபோல் இருந்தது.

எல்லாருக்கும் வக்கீல் கேட்டவளே, உனக்கு ஒருத்தரைக் கேட்க என்னடி கூச்சம்?