கைப்பிடி இல்லாத வீடு

பத்மாதேவி டீச்சரின் பார்வை போய்க்கொண்டிருந்ததை அவருடைய கண் வைத்தியரைத் தவிர ஒருவரும் அறியவில்லை. குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. மூன்று வருடத்தில் அதுவும் மங்கிவிட்டது. கனடாவிலிருக்கும் மகன் மயூரதனுக்குத் தெரிந்தால் அம்பிட்டிய வீட்டைப் பூட்டித் தன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்பது அவருக்கு நிச்சயம். கணவர் இறந்தபின் அந்த வீட்டில் தனியாக இருந்தார். அப்படியே இருந்து முடிப்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

வீடு அவருக்கு மனப்பாடம். கட்டிலிலிருந்து ஒன்பது அடி வைத்தால் அலுமாரியின் பித்தளைப் பிடி. பிறகு சாப்பாட்டு மேசையின் மூலை. அதற்கு இடப்பக்கம் குளியலறைக் கதவு. கண் செய்யாததைக் கை செய்தது.

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு வீட்டின் உட்புறம் முழுவதையும் புதிதாக்கித் தருவதென்று மயூரதன் முடிவு செய்தான். கொழும்பிலிருந்து சஞ்சீவனி என்ற வடிவமைப்பாளர் வந்தார். இருப்பது போதும் என்று டீச்சர் இரண்டு தரம் சொன்னார்; மகன் அதைச் சிக்கனம் என்று நினைத்தான். மூன்றாம் தரம் மறுத்தால் காரணம் கேட்பான். கணினியில் வரைந்த படங்களை அனுப்பிக் கேட்டபோது, "வடிவாயிருக்கு ராசா" என்றார். படத்தில் என்ன இருந்ததென்று அவருக்குத் தெரியாது.

வேலை நடந்த நான்கு மாதமும் டீச்சர் பேராதனையில் தங்கை றஞ்சனா வீட்டில் இருந்தார். தடுமாறியபோதெல்லாம் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லிச் சமாளித்தார்.

திரும்பி வந்தபோது சுவரும் அலுமாரியும் கதவும் ஒரே சாம்பல் நிறப் பலகையாக இடைவெளி தெரியாமல் நீண்டிருந்தன. ஒன்றிலும் பிடி இல்லை. உள்ளங்கையால் அழுத்தினால் திறக்கும். மண்டபத்துக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவிலிருந்த சுவரை எடுத்துவிட்டார்கள். விளக்குகள்கூடக் கூரைக்குள் மறைந்திருந்தன. வேலை மோசமில்லை. பார்ப்பவரின் கண்ணில் எதுவும் உறுத்தக் கூடாதென்று செய்த வீடு. தடவி நடப்பவருக்கு அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பலகைகளைப் பொருத்திய தச்சர் கணேஸ், மடுல்கெல்ல ஊர்க்காரர். கடைசியாக ஒருமுறை சரிபார்க்க வந்திருந்தார். டீச்சர் பையோடு மண்டபத்தின் நடுவில் நெடுநேரம் நிற்பதைக் கண்டு உட்காரச் சொன்னார். கதிரை எங்கே என்று டீச்சர் கேட்டார். இரண்டு அடி தள்ளித்தான் இருந்தது.

"ரெண்டு பிடி வாங்கியாந்து மாட்டிடவா டீச்சர்? ஒரு மணி நேர வேலதான்."

"வேண்டாம் தம்பி. ஏனெண்டு மகன் கேப்பான்."

அன்று பின்னேரம் மயூரதன் வீடியோவில் வந்தான். கணேஸ் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த அலுமாரியைத் திறந்து காட்டுங்கோம்மா. சும்மா அமத்தினாப் போதும்."

டீச்சர் தயங்காமல் நடந்துபோய் அழுத்தினார். திறக்கவில்லை. சற்றுத் தள்ளி அழுத்தினார். பிறகு இரண்டு கைகளாலும் அழுத்தினார்.

"புதுசெல்லோ, இறுக்கமாக் கிடக்கு."

"அம்மா, அது சுவர்."

தன் முகம் தெரிகிறதா என்று மகன் கேட்டான். டீச்சர் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"தெரியாமல் என்ன? மெலிஞ்சு போனாய்."

கணேஸ் அப்போது தொலைபேசியைத் தன் நெஞ்சோடு சாய்த்து வைத்திருந்தார். அதன் பின்பக்கக் கமராதான் டீச்சரைப் பார்த்திருந்தது; திரை அவர் பக்கம் இருக்கவில்லை.

அடுத்த கிழமை வருவதாகவும், அதுவரை தனியாக நடக்க வேண்டாமென்றும், வீட்டை என்ன செய்வதென்று வந்து பேசலாமென்றும் மயூரதன் சொன்னான். எல்லாவற்றுக்கும் டீச்சர் "ஓம்" என்றார். அழைப்பு முடிந்த பிறகும் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பாத்ரூம் எந்தப் பக்கம் தம்பி?"

கணேஸ் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளேயிருந்து கதவைத் திறக்க டீச்சருக்குத் தெரியாது என்பதால் வெளியிலேயே நின்றார்.