மாமனார் படம்

பாறசாலையில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்த நெய்யாற்றின்கரைப் பெண், ஒவ்வொரு படத்தையும் பார்க்கும் முன் போன் திரையைத் துப்பட்டாவால் துடைத்தாள். பழைய ரயில்களைப் பாதுகாக்கும் இணையக் குழுவில் எந்தப் படம் இருக்கலாம் என்று முடிவு செய்வது அவள் பொறுப்பாம். ஒரு படத்தைக் காட்டினாள். நீராவி எஞ்சினை முழுக்க மறைத்துக்கொண்டு ஒரு பெரியவர் சிரித்தார்.

“எனக்க மாமனாராக்கும். எஞ்சினையே காணல்ல. நீக்கினா வீட்டுல இருக்க முடியாது. விட்டா குரூப்பில உள்ளவிய ஏசுவாவ, அக்கா.”

“வேற யாரையாவது முடிவு பண்ணச் சொல்லேன்.”

“ஆளு மறைச்சா படம் கூடாதுன்னு விதி எழுதினதே நானாக்கும்.”

படத்தை நீக்கினாள். சற்று நேரத்தில் மாமனார் அழைத்தார். அவள் எடுக்கவில்லை.

நெய்யாற்றின்கரை வந்தது. “உன் ஊர் இதுதானே?” என்றேன்.

“பாலராமபுரம் வரைக்கும் வாறேன்.”

பாலராமபுரத்திலும் அவள் எழுந்திருக்கவில்லை. அன்று எப்போது வீடு திரும்பினாளோ, தெரியவில்லை.